ஸ்கொத்லாந்தில் ஓர் இமயமலை

இமயமலை சென்று வந்தேன் என்று நான் கூறியதும், எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையிலிருந்த முதியவர் ஒருவர், "கயிலை தரிசனம் நன்றாக வாய்த்ததா?" என்று பக்தியோடு வினவினார். நான் கண்ட இமயமலை வேறு. அது ஸ்கொத்லாந்தின் கீழைக் கரையிலே, வட கடலின் அலையோசை கேட்குந் தூரத்தில் இருக்கின்றது. அதன் சிகரங்களைச் சிறு பிள்ளைகள் ஓரிரு எட்டிலே ஏறி இறங்கிவிடுகின்றனர். ஆயினும் அங்கே நான் அடைந்த தோல்வி சிறியதன்று. அதன் பயனாகக் கற்றதும் சிறியதன்று.

சென்ற விடுமுறையின்போது டண்டீ நகரில் வாழும் என் தங்கையின் இல்லத்திற் சில வாரம் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. ஒரு சனிக்கிழமை காலை, பதினான்கு வயதான மருமகனை வழிகாட்டியாகக் கொண்டு, பஸ் ஏறி, ரே நதியின் மேலுள்ள நீண்ட பாலத்தைக் கடந்து சென்ற் அன்றூஸ் என்னும் ஊரை அடைந்தேன். கல்விமான்களுக்கு அவ்வூர் 1413ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக்கழகத்தால் தெரிந்தது. மற்றெல்லாருக்கும் கொல்ப் விளையாட்டால் தெரிந்தது. சாம்பல் நிறக் கல்வீடுகள் வரிசையாய் நிற்கும் வீதிகள் யாவும் கீழ்க்கோடியிலே இடிந்து கிடக்கும் பழைய பேராலயத்தை நோக்கிச் செல்கின்றன. அவ்வாலய மதிலுக்குள்ளே, கொல்ப் விளையாட்டின் மூதாளர் எனப் போற்றப்படும் ரொம் மொறிஸ் 1908 முதல் துயில்கின்றார். அவருடைய கல்லறைக்கு வணக்கஞ் செலுத்த உலகின் நாலா திசையிலிருந்தும் மக்கள் வருகின்றனர்.

ஊரின் மேற்குப் புறத்தில், நெடிய மணற்கரையை அடுத்து, பல நூற்றாண்டுகளாக மக்கள் விளையாடி வரும் பழைய திடல் பரந்து கிடக்கின்றது. அதன் அருகே, அலை உறைந்து புல்லாய் மாறியது போன்று மேடும் பள்ளமுமாகக் காணப்படும் புற்றரையே "இமயமலை" என்று பெயர் பெற்றது. 1867இல் இங்கே பெண்களுக்கெனத் தனியாக ஒரு கழகம் தோன்றியது. கோலைத் தோளுக்கு மேலே ஓங்கி வீசுதல் குலமகளிர்க்கு அடாது என்று அக்காலத்துப் பெரியோர் கருதினராம். ஆகவே நிலத்தோடு நிலமாகப் பந்தை உருட்டும் பகுதியை மாத்திரம் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தனர். அம்மங்கையரோ அதையே ஒரு தனிக் கலையாக வளர்த்துவிட்டனர். அக்கழகம் இன்றும் இருக்கின்றது. சிறு கட்டணஞ் செலுத்தினால், கோலும் பந்தும் பெற்று, எவரும் பதினெட்டுக் குழிகளையும் ஆடிப் பார்க்கலாம்.

அக்கோலுக்குப் "பட்டர்" என்று பெயர். பாணுக்குப் பூசும் பட்டரை எண்ணிவிட வேண்டாம்! தட்டையான முகமுள்ள சிறு கோல் அது. பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீற்றருக்குக் குறைதல் ஆகாது. குழியின் குறுக்களவு 108 மில்லிமீற்றர். இக்குழியளவு 1891இல் விதியாக்கப்பட்டது. எனவே, பந்தைப்போல் இரண்டரை மடங்கு அகலமான வாய் திறந்து காத்திருக்க, சில அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டி அதற்குள் வீழ்த்துவதே காரியம். இருபது ஆண்டுகளாகக் கேத்திரகணிதம் கற்பிப்பவனுக்கு இது ஒரு பொருட்டா? இளமையிலே எங்கள் ஒழுங்கையிற் போளை அடித்து நண்பர்களை வெறுங்கையராய் அனுப்பியவனும் நானே. துணிந்து கோலைப் பிடித்தேன்.

முதற் பந்து குழியின் வலப்புறமாகச் சென்றது. இரண்டாவதும் அவ்வாறே. ஐந்தடித் தூரத்தில், மேடு பள்ளம் அதிகமில்லாத ஓரிடத்திலும் பந்து வலப்புறமே நாடியது. கை சரியில்லை என்றெண்ணி அடுத்த தடவை வேண்டுமென்றே இடப்பக்கம் இழுத்து அடித்தேன். அது இடப்புறமாய் ஓடிற்று. அடியிற் குறை கண்டு அடியைத் திருத்தத் திருத்த, குழப்பமே மிஞ்சியது. அருகே ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஒரே தட்டில் தன் பந்தை வீழ்த்திவிட்டு என்னை இரக்கத்தோடு நோக்கினாள்.

மருமகன் சிரிக்கவில்லை. "மாமா, அடிக்காதேங்கோ. குழிக்கு நேரே கோலைப் பிடிச்சு அப்படியே நில்லுங்கோ," என்றான். நின்றேன். புள்ளி எழுதும் அட்டையை நிலத்தில் வைத்து, அதன் ஒரு விளிம்பை என் கோலின் முகத்தோடு பொருத்தினான். பின்னர் கோலை எடுத்துவிட்டு, பின்புறமாக வந்து பார்க்கச் சொன்னான். மூலைமட்டம் வைத்தாற் போன்று, அட்டையின் மற்ற விளிம்பு கோல் நோக்கிய திசையைச் சுட்டிற்று. அது குழியை நோக்கவில்லை. வலப்புறத்தே அப்பாற் சென்றது. நானோ கோல் நேராக இருந்தது என்று சத்தியஞ் செய்யவும் ஆயத்தமாய் இருந்தேன்.

"இப்ப மூக்குக்கு மேலே, இரண்டு கண்ணுக்கும் நடுவிலே ஒரு பந்தைப் பிடிச்சு, கீழே விடுங்கோ," என்றான். விட்டேன். அது நிலத்திலிருந்த பந்தின் மேல் விழாது, என் காலடிப் பக்கமாக நாலு விரற்கடை தள்ளி விழுந்தது. காரணம் புலனாயிற்று. என் கண்கள் பந்து செல்லும் கோட்டிற்கு நேர்மேலே இல்லை. சற்றுச் சரிந்த இடத்திலிருந்து பார்த்தமையால், கோணலான கோடே எனக்கு நேர்கோடாகத் தோன்றியிருக்கின்றது. கையோ கண் சொன்னதை உண்மையாகவே நிறைவேற்றி வந்தது. குற்றம் அடியில் நிகழவில்லை. அடிப்பதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது.

பந்து புறப்படுந் திசையைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது, பந்தைத் தொடும் கணத்திலே கோலின் முகம் நோக்கும் திசையே. கோல் வீசப்படும் பாதைக்கு அதிற் பங்கு குறைவு. மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பந்து ஒரு பாகை விலகிப் புறப்பட்டால், மூன்று மீற்றர் தூரத்தில் அது ஐந்து சென்ரிமீற்றருக்குச் சற்று மேலாக விலகிவிடும். குழியின் நடுவிலிருந்து விளிம்புவரை உள்ள தூரமும் ஏறத்தாழ அவ்வளவே. ஒரு பாகை என்பது நம் பாகைமானியில் ஒரு மயிரிழை. அம்மயிரிழையிலே வெற்றியும் தோல்வியும் தொங்குகின்றன.

பின்னர் அவன் எனக்கு அடிக்கும் முறையைப் படிப்படியாகக் காட்டினான். முதலிற் பந்தின் பின்னே நின்று, அது செல்லவேண்டிய கோட்டையும், அக்கோட்டின் மேல் ஒரு சாண் முன்னே ஒரு புல்லையோ புள்ளியையோ குறித்துக்கொள்ள வேண்டும். தூரத்துக் குழியை நோக்கிக் கோலைத் திருப்புவதிலும் அருகிலுள்ள புள்ளியை நோக்கித் திருப்புவது எளிது. கோலின் முகத்தை முதலிலே வைத்துவிட்டு, அதற்கிசையவே கால்களை வைக்க வேண்டும். கால்களை முன்னே வைத்துவிட்டுக் கோலைப் பின்னே திருப்புதல் தகாது. பிடி இளகியிருக்க வேண்டும். மணிக்கட்டை அசைக்காமல், தோள்களால் ஊசற்குண்டு போலக் கோலை ஆட்டவேண்டும். தூரம் கூடுமாயின் வேகமாய் மோதுதல் கூடாது. ஊசலின் வீச்சையே நீட்டவேண்டும். பந்து குழியில் விழும் ஓசை காதில் கேட்கும்வரை தலையை நிமிர்த்தலாகாது. இக்கடைசி விதியே எனக்கு மிகக் கடினமாயிருந்தது. என்ன ஆயிற்று என்று பார்க்கும் ஆவல், ஆகவேண்டியதைக் கெடுத்துவிடுகின்றது.

இத்தனையும் கற்று இமயமலையின் சரிவுகளுக்குத் திரும்பினால், அங்கே வேறொரு பாடம் காத்திருந்தது. சரிவிலே நிற்கும்போது குழியை நோக்கி அடிப்பவன் குழியை அடையான். நிலம் எப்பக்கம் சரிகின்றது என்றறிந்து, குழிக்கு ஒரு முழம் மேலே ஓரிடத்தைக் குறிவைத்து, அங்கு நேராக அடிக்கவேண்டும். மிகுதியை நிலம் பார்த்துக்கொள்ளும். மெதுவாய் உருளும் பந்தைச் சரிவு அதிகமாய் இழுக்கும். விரைவாய் உருள்வதைக் குறைவாய் இழுக்கும். ஆதலால் வேகத்தைத் தீர்மானியாமல் திசையைத் தீர்மானித்தல் இயலாது. மாலைக்குள் நான் நான்கு குழிகளை இரண்டிரண்டு தட்டில் முடித்தேன். அதற்கே மருமகன் கைதட்டினான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் என் ஏழாம் வகுப்பில் இருந்த ஒரு மாணவனின் முகம் கண்முன் வந்து நின்றது. கரும்பலகையில் 3 என்று நான் எழுதினால் அவன் கொப்பியில் 8 என்றிருக்கும். கூட்டல் குறி பெருக்கல் குறியாகும். கணக்கை அவன் செய்த முறையோ எப்போதும் சரியாயிருக்கும். கவனக்குறைவு என்று கடிந்தேன். வாங்கின்மேல் ஏற்றியும் நிறுத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தவணையில் அவனுடைய தாயார் வந்து, "பிள்ளைக்குக் கண்ணாடி போட்ட பிறகுதான் பலகையில் எழுதியிருக்கிறது தெரியுதாம், சேர்," என்று மகிழ்ச்சியோடு கூறிச் சென்றார். நானும் மகிழ்ச்சி தெரிவித்தேன். வேறொன்றும் கூறவில்லை. கோல் நேராக இருக்கின்றதென்று சத்தியஞ் செய்ய நான் ஆயத்தமாயிருந்தது போலவே, பலகையில் 8 இருந்ததென்று அவனும் நம்பியிருப்பான். என் மருமகன் பொறுமையோடு அட்டை வைத்துப் பார்த்ததை, நான் என் மாணவனுக்குச் செய்யவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மீண்டும் அங்கே சென்றோம். பெரும் போட்டிகள் நடைபெறும் காலந் தவிர, ஞாயிறுகளிற் பழைய திடலிலே விளையாட்டு இல்லை. ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் உலாவி வருகின்றனர். பதினெட்டாவது புற்றரையின் ஓரத்தில் நின்றேன். 1970இல் டக் சான்டர்ஸ் என்ற அமெரிக்கர், ஏறத்தாழ மூன்றடித் தூரத்திலிருந்து பந்தை வீழ்த்தினால் பிரித்தானிய ஓப்பன் பட்டம் தமக்கென்னும் நிலையில் இங்கேதான் நின்றார். கோட்டின்மேல் ஏதோ துகள் கிடப்பதாகக் கண்டு, குனிந்து அதை அகற்றினார். பின்னர், மறுபடி முதலிலிருந்து ஆயத்தஞ் செய்யாமலே அடித்தார். பந்து வலப்புறமாய் விலகிற்று. மறுநாள் நடந்த மேலதிக ஆட்டத்தில் ஜக் நிக்லஸ் ஒரேயோர் அடியால் வென்றார். உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவர்க்கும் மூன்றடி தூரம் போதுமானதாயிற்று. இடையிலே குலைந்த ஒழுங்கை மீண்டும் தொடக்கத்திலிருந்து அமைத்துக்கொள்ள அவருக்குச் சில விநாடிகளே தேவைப்பட்டிருக்கும்.

ஊர் திரும்பிய முதல் வாரத்தில் அம்மாணவனைத் தேடிச் சென்றேன். அவன் இப்பொழுது உயர்தர வகுப்பிற் கணிதம் பயில்கின்றான். அன்று நான் செய்தது தவறு என்று சொன்னேன். அவன் கூச்சத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தனக்கு விளங்காத ஒரு கணக்கை என்னிடம் காட்டினான். இருவரும் உட்கார்ந்து அதைச் செய்தோம்.

இப்பொழுது ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் பலகையில் எழுதியபின் கடைசி வாங்கிற் சென்று அமர்ந்து பார்க்கின்றேன். முதன்முறை பார்த்தபோது என் எழுத்தை என்னாலேயே வாசிக்க முடியவில்லை. ஆதலால் பெரிதாக எழுதத் தொடங்கியிருக்கின்றேன். ஸ்கொத்லாந்து செல்லும் வாய்ப்புப் பெறும் அன்பர்கள் சென்ற் அன்றூஸின் இமயமலையில் ஒருமுறை ஏறிப் பார்க்கவேண்டும். முதற் பந்து குழியில் விழாவிடின் கையைக் கோபியாதீர்கள். ஓர் அட்டையை வைத்துப் பாருங்கள்.