ஒரு பவுண்டுக்கு ஒரு க்ளப்

2019 ஆகஸ்ட் 27. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கும் பெரி என்ற ஊரில், ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக கிக் லேன் மைதானத்துக்கு வந்தார்கள். அந்தச் சனிக்கிழமை ஆட்டம் நடந்தாலும் நடக்கும் என்று ஒரு நப்பாசை. இருக்கைகளைத் துடைத்தார்கள், படிகளைக் கூட்டினார்கள். அன்று இரவே லீக் நிர்வாகத்தின் அறிவிப்பு வந்தது. பெரி க்ளப் லீகிலிருந்து நீக்கப்படுகிறது. 1894இல் லீகுக்குள் வந்த க்ளப். 125 வருடம்.

பெரி ஒன்றும் தோற்றுப்போய் வெளியே போன அணி இல்லை. அந்த வருடம்தான் நான்காம் அடுக்கான லீக் டூவில் இரண்டாம் இடம் பிடித்து மூன்றாம் அடுக்குக்கு முன்னேறியிருந்தது. அதே மாதங்களில் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. களத்தில் ஜெயித்துக்கொண்டே கஜானாவில் செத்துக்கொண்டிருந்த அணி அது.

பெரியை எனக்கு அறிமுகப்படுத்தியது ஃபுட்பால் மேனேஜர் கேம். இன்ஜினியரிங் ஹாஸ்டலில் எல்லாரும் மான்செஸ்டர் யுனைடெட், செல்சி என்று எடுத்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் கீழ் லீக் அணிகள்மேல் ஒரு பைத்தியம். அதில் சம்பள பட்ஜெட் என்று ஒன்று உண்டு. வாரத்துக்கு இவ்வளவுதான், அதைத் தாண்டினால் போர்டு முறைக்கும். நான் தாண்டுவேன். ஒரு நல்ல ஃபார்வர்ட் கிடைத்தால் மேல் லீகுக்குப் போய்விடலாம், போனால் வருமானம் கூடும், கூடினால் கடனை அடைத்துவிடலாம். சரியாக வரவில்லையென்றால் பழைய சேவ் ஃபைல் இருக்கிறது. நிஜத்தில் க்ளப் நடத்துபவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர்களிடம் சேவ் ஃபைல் மட்டும் இல்லை.

கணக்கு எளிமையானது. கீழ் லீக் க்ளப்புக்கு டிக்கெட், உள்ளூர் ஸ்பான்சர், டிவி பணத்தில் ஒரு சிறு பங்கு, எப்போதாவது ஒரு இளைஞனைப் பெரிய அணிக்கு விற்பது. வரவு அவ்வளவுதான். செலவில் பெரும்பகுதி ஆட்டக்காரர் சம்பளம். நல்ல ஆள் வேண்டுமென்றால் பக்கத்து க்ளப்பைவிட கூடக் கொடுக்க வேண்டும். லீக் டூவில் 24 அணிகள், மேலே போவது 4. 24 பேரும் சம்பளத்தைப் பத்து சதவீதம் கூட்டினாலும் மேலே போவது 4 பேர்தான். மற்ற 20 பேருக்கும் செலவு மட்டும் கூடியிருக்கும். சரி, நான் கூட்டவில்லை என்று ஒருவர் சும்மா இருந்தால் அவர் கீழே போவார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவும் நியாயம்தான். மொத்தமாகப் பார்த்தால் நஷ்டம்.

இதைத் தடுக்க விதி இருந்தது. லீக் டூ அணிகள் வருமானத்தில் 55 சதவீதம், லீக் ஒன் அணிகள் 60 சதவீதம், அதற்குமேல் சம்பளத்துக்குச் செலவிடக் கூடாது. ஆனால் உரிமையாளர் திரும்பக் கேட்காமல் போடும் பணத்தையும் வருமானத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். கோட் எழுதுபவனுக்கு இந்த ஓட்டை பார்த்த உடனே தெரியும். உரிமையாளரிடம் காசு இருக்கும்வரை விதி பாஸ் ஆகும். அவர் கை விரித்த அன்றைக்கு, பெரிய சம்பளத்தில் போட்ட ஒப்பந்தங்கள் மட்டும் அப்படியே நிற்கும். பெரியின் பழைய உரிமையாளர் 2018 டிசம்பரில் க்ளப்பை ஸ்டீவ் டேல் என்பவருக்கு விற்றார். விலை ஒரு பவுண்டு. ஒன்பது மாதம் முடிவதற்குள் கதை முடிந்தது.

அப்படியென்றால் ஆட்டக்காரர்கள் அதிகம் கேட்கிறார்களா? எளிதாகச் சொல்லிவிடலாம், சரியாக இருக்காது. கீழ் லீக்கில் பெரும்பாலும் ஒரு வருடம், இரண்டு வருட ஒப்பந்தம்தான். முப்பத்தைந்து வயதுக்குள் முழங்கால் கணக்கை முடித்துவிடும். இங்கிலாந்தில் 1961 வரை ஆட்டக்காரருக்கு அதிகபட்சச் சம்பளம் வாரத்துக்கு 20 பவுண்டு என்று விதியே இருந்தது. மைதானம் நிறைந்தாலும் அதே 20 பவுண்டு. ஜிம்மி ஹில் தலைமையில் சங்கம் ஸ்ட்ரைக் வரை போய்த்தான் அதை உடைத்தது. 2020 ஆகஸ்டில் லீக் ஒன்னுக்கு 25 லட்சம் பவுண்டு, லீக் டூவுக்கு 15 லட்சம் பவுண்டு என்று அணிக்கான சம்பள உச்சவரம்பு வந்தபோது அதே சங்கம் எதிர்த்தது. 2021 பிப்ரவரியில் நடுவர் குழு அதை ரத்து செய்தது. எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. உச்சவரம்பு க்ளப்பைக் காப்பாற்றும். ஆனால் சூதாடியது உரிமையாளர், கட்டுவது ஆட்டக்காரர் என்று ஆகிவிடும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. மீட்டிங்கில் ஃபவுண்டர், அடுத்த ரவுண்டு ஃபண்டிங் வந்தா எல்லாம் சரியாயிடும் என்றார். அப்பா தினமும் போன் பண்ணி, "வந்துச்சாப்பா?" என்பார். என் பக்கத்து சீட்டுக்காரருக்கு வீட்டுக்கடன் தவணை பவுன்ஸ் ஆனது. கேன்டீன் நடத்திய அண்ணனுக்கு நான்கு மாத பில் பாக்கி. ஏண்ணே இன்னும் டீ போடுறீங்க என்று கேட்டேன். "கம்பெனி பெருசா வரும் தம்பி, கஷ்டத்துல கூட நின்னோம்னா மறக்க மாட்டாங்க." கம்பெனி மூடியபோது எங்களுக்குப் பாதிச் சம்பளமாவது வந்தது. அவர் சிலிண்டரையும் பாத்திரங்களையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

க்ளப் திவாலாவதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த அண்ணன் ஞாபகம்தான் வருகிறது. இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு விதி உண்டு. க்ளப் நொடித்தால், லீகில் தொடர வேண்டுமானால் ஆட்டக்காரர் சம்பளத்தையும் மற்ற க்ளப்களுக்கான பாக்கியையும் முழுசாகத் தீர்க்க வேண்டும். மீதி இருப்பதில்தான் மற்றவர்களுக்கு. 2019 ஜூலையில் பெரி முன்வைத்த கடன் தீர்வுத் திட்டம் இதேதான்: கால்பந்துக்காரர்களுக்கு முழுப் பணம், மற்ற சாதாரணக் கடன்காரர்களுக்கு ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ். அதுவும் காகிதத்தில். பெரிய க்ளப்களும் விலக்கில்லை. 2010இல் போர்ட்ஸ்மவுத் நொடித்தபோது பாக்கிப் பட்டியலில் முதலுதவி செய்யும் தொண்டு அமைப்பான செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இருந்தது. ஆட்டக்காரர் காலில் அடிபட்டால் ஓடி வருபவர்கள்.

கேன்டீன் அண்ணன் மாதிரி ஆட்களை நம்பித்தான் இந்தச் சூதாட்டமே நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சாதாரண வியாபாரத்தில் கடை நஷ்டத்தில் போனால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். பெரி ரசிகர் ட்ராம் பிடித்து அரை மணி நேரத்தில் மான்செஸ்டர் போய்விடலாம். உலகத்தின் பணக்கார அணிகளில் இரண்டு அங்கே இருக்கின்றன. போக மாட்டார். தாத்தா உட்கார்ந்த ஸ்டாண்டில்தான் உட்காருவார். 1903இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் பெரி 6-0 என்று டெர்பியை அடித்ததை நேரில் பார்த்தவர் மாதிரி சொல்வார். 116 வருடம் இறுதியாட்டத்தில் யாரும் தொடாத அந்த வித்தியாசத்தை மான்செஸ்டர் சிட்டி எட்டியது 2019 மே மாதம். அடுத்த மூன்று மாதத்தில் பெரி லீகில் இல்லை. இந்த ஆள் எங்கேயும் போக மாட்டார் என்பது உரிமையாளருக்கும் தெரியும். பேலன்ஸ் ஷீட்டில் எழுதாத அடமானம் அது.

பெரியின் கதையும் சேர்ந்துதான் 2025இல் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்தது. இனி க்ளப் நடத்த லைசன்ஸ் வேண்டும், பணம் எங்கிருந்து வருகிறது என்று காட்ட வேண்டும். நல்ல விஷயம். ஆனால் மேலே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆசையை லைசன்ஸ் எவ்வளவு தூரம் பிடித்து வைக்கும் என்பதைப் பார்க்க வேண்டும்.

பெரியில் ரசிகர்கள் காத்திருக்கவில்லை. புதிதாக ஒரு அணி தொடங்கினார்கள், 2022இல் கிக் லேனை மீட்டார்கள், பழைய பெயரை மறுபடி எடுத்துக்கொண்டு 2023இல் ஒன்பதாம் அடுக்கிலிருந்து ஆட ஆரம்பித்தார்கள். அங்கிருந்து லீகுக்குத் திரும்ப ஐந்து படி ஏற வேண்டியிருந்தது. ஒவ்வொரு படியிலும் யாராவது ஒருவர், இன்னும் ஒரு நல்ல ஃபார்வர்ட் மட்டும் இருந்தால் போதும் என்பார். அந்த அறையில் இப்போது ரசிகர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளம் எங்கிருந்து வரும் என்று அவர்கள் கேட்டாக வேண்டும்.