தீக்ஷாவும் ஓர் ஆசிரியையின் வினாவும்

தீட்சை என்பது குருவின் வாயிலிருந்து சீடனின் செவிக்கு நேராகச் செல்லும் சொல். 2017-இல் நடுவண் அரசு தொடங்கிய மின்கற்றல் தளத்திற்கும் தீக்ஷா என்றே பெயர். ஏறத்தாழ 42 லட்சம் தொடக்கக் கல்வி ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் இலக்காகக் கொண்டு, 2019 ஆகஸ்டில் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கிய நிஷ்டா திட்டம், பெருந்தொற்றின் காரணமாக 2020 அக்டோபரில் இத்தளத்திற்கு இடம்பெயர்ந்தது.

இம்மாற்றத்தை வெறும் இழப்பென்று சொல்வது நேர்மையன்று. பழைய முறையில், டெல்லியில் சொல்லப்பட்டது மாநிலம், மாவட்டம், வட்டாரம் எனப் படியிறங்கி வருவதற்குள் வெளிறிப்போவதுண்டு. திரையில் அனைவருக்கும் ஒரே பாடம். புரியாத இடத்தை மீண்டும் கேட்கலாம். கைக்குழந்தையை விட்டுவிட்டு வெளியூரில் தங்க வேண்டியதில்லை.

ஆயினும், ஒடிசாவின் கோராபுட் மலைப்பகுதியில் பணியாற்றும் ஓர் ஆசிரியையை எண்ணிப் பார்க்கலாம். வகுப்பில் பாதிக் குழந்தைகளின் வீட்டுமொழி குவி. பாடநூலின் மொழி ஒடியா. இரவுச் சமையலுக்கிடையே அவருடைய கைபேசியில் பயிற்சிக் காணொளி ஓடுகிறது. குழந்தையின் மொழிக்கு வகுப்பில் இடமளிக்க வேண்டும் என்கிறது குரல். ‘எனக்கே அம்மொழி தெரியாதே, எப்படி இடமளிப்பது?’ என்ற வினா அவருள் எழுகிறது. காணொளி நிற்பதில்லை. இறுதியில் வரும் தேர்வில் நான்கு விடைகளுள் சரியானதை அவர் தெரிவு செய்கிறார். சான்றிதழ் வந்துவிடுகிறது, வினா அப்படியே இருக்கிறது.

உரையாடல் என்பது பேசுபவரும் கேட்பவரும் இடம் மாறிக்கொள்வது என்பது மொழியியலின் அடிப்படைப் பாடம். பயிற்சிக் கூடத்தில் அவ்வினாவைக் கேட்டிருந்தால், பயிற்றுநருக்கு விடை தெரியாமலும் போயிருக்கலாம். ஆனால், குவி அறிந்த சக ஆசிரியர் ஒருவர் பின்வரிசையிலிருந்து தம் வகுப்பில் செய்ததைச் சொல்லியிருக்கக்கூடும். தேநீர் இடைவேளையில் அது பத்துப் பேரின் பேச்சாகியிருக்கக்கூடும். பணியிடப் பயிற்சியில் அறிவு மேலிருந்து மட்டும் வருவதில்லை; பக்கத்து இருக்கையிலிருந்தும் வருகிறது.

ஆகவே, பாடத்தைத் திரை சொல்லட்டும். மாதம் ஒருமுறை குறுவள மையக் கூட்டத்தில், புதிய காணொளி எதுவும் இன்றி, ஒரு மணி நேரம் ஆசிரியர்களின் வினாக்களுக்கென ஒதுக்கப்படட்டும். அங்கே விடை கிடைக்காதவை பாடத்தை எழுதியவர்களிடம் எழுத்தில் சென்று சேரட்டும். பாடம் படியிறங்கி வரும் பாதையை நாம் சுருக்கிவிட்டோம். அந்த ஆசிரியையின் வினா படியேறிச் செல்வதற்கும் ஒரு பாதை வேண்டும்.