வெளியிலிருந்து ஒரு கோடு

அளவுகோல் என்ற சொல்லை நம் விமர்சகர்கள் தாராளமாகப் புழங்குகிறார்கள். தமிழில் அளவுகோலே இல்லை என்கிறார் ஒருவர். இருப்பதெல்லாம் இறக்குமதி என்கிறார் இன்னொருவர். கையிலுள்ள அளவுகோல் சரிதானா என்று எதைக் கொண்டு பார்ப்பது என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. எனக்கு இது தொழில் சார்ந்த கேள்வி. சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்துக் கல்லூரி லேப்களிலும் தனியார் சோதனைக்கூடங்களிலும் ஒளியின் அலைநீளத்தை அளக்கும் கருவிகளைப் பழுதுபார்த்து, அளவு நேர்செய்து கொடுப்பது என் பிழைப்பு.

கல்லூரிகளில் பழைய ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்று உண்டு. தொலைநோக்கி அசையாது, ப்ரிஸம் மட்டும் திரும்பும். அதைத் திருப்பும் டிரம்மின் மேல் அலைநீளம் பொறித்திருக்கும். தூசி துடைக்க யாராவது ப்ரிஸத்தை எடுத்து, மயிரிழை விலகி வைத்துவிட்டால் போதும், எல்லா அளவும் நகர்ந்துவிடும். நகர்ந்ததைக் கருவி சொல்லாது. முன்போலவே கோடுகள் கூர்மையாக, அழகாகத் தெரியும். மெர்க்குரி லாம்பை ஏற்றி, டிரம்மை 546.1 நானோமீட்டரில் நிறுத்தி, பச்சைக் கோடு குறிமுள்ளில் வந்து உட்காரும்வரை ப்ரிஸத்தைத் திருப்பி இறுக்க வேண்டும். பலர் இத்தோடு முடித்துவிடுகிறார்கள். மஞ்சள் கோடுகள் இரண்டும் 577.0, 579.1-லும், ஊதா 435.8-லும் வருகின்றனவா என்று பார்க்காதவரை எதுவும் முடிந்ததாகாது. ஓர் இடத்தில் ஒத்துப்போவது எந்தக் கருவிக்கும் சாத்தியம். காலையில் நேர்செய்ததைச் சித்திரைப் பிற்பகலில் இன்னொரு முறை பார்ப்பதும் நல்லது. சூட்டில் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் கொஞ்சம் மாறும்.

நாமக்கல் பக்கம் கோழித்தீவனம் பரிசோதிக்கும் ஒரு கூடத்தில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் ‘கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றுகிறது’ என்று கூப்பிட்டிருந்தார்கள். தீவனத்தின் பாஸ்பரஸை அவர்கள் அளக்கும் முறை எளிது. கரைசலில் மாலிப்டேட்டும் வனடேட்டும் சேர்த்தால் மஞ்சள் நிறம் வரும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். அங்கே 420 நானோமீட்டரில் அளந்தார்கள். அந்த மஞ்சள் ஒளியை உறிஞ்சும் வரைகோடு அந்தப் பகுதியில் செங்குத்தாக இறங்குகிறது. சில நானோமீட்டர் தவறினால்கூட விடை மாறும். நான் கொண்டுபோன சிறிய மெர்க்குரி லாம்பை வைத்துப் பார்த்தேன். 546.1-ல் வரவேண்டிய பச்சை டயலில் 552-ல் வந்தது. ஆக, டயல் 420 காட்டும்போது உள்ளே போய்க்கொண்டிருந்தது ஏறக்குறைய 414. அங்கே உறிஞ்சல் அதிகம். எனவே பாஸ்பரஸ் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். தீவனம் அரைப்பவர் போதும் என்று டி.சி.பி.யைக் குறைப்பார். கூண்டுக் கோழி காலில் வலுவற்று உட்கார்ந்துவிடும்.

தினமும் தெரிந்த அளவு பாஸ்பரஸ் உள்ள கரைசலைச் செய்து, அதையும் இதே கருவியில் அளந்து ஒப்பிட்டிருந்தால் பிழை தானாகக் கழிந்துபோயிருக்கும். அவர்களோ எப்போதோ வரைந்து சுவரில் ஒட்டிய வரைபடத்தையே பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சொன்னபோது உரிமையாளர், “எல்லா ரிப்போர்ட்டும் ஒண்ணுக்கொண்ணு சரியாத்தானுங்க இருக்குது” என்றார். அவர் சொன்னது உண்மை. போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் வித்தியாசமில்லை. “ஒண்ணுக்கொண்ணு சரிதானுங்க. தீவனத்துல இருக்கறதோட சரியான்னு பார்க்கணுமுங்க” என்றேன். கிரேட்டிங்கைத் திருப்பும் திருகில் கிரீஸ் காய்ந்து தூசியோடு கெட்டிப்பட்டிருந்தது. செட் ஸ்க்ரூ தளர்ந்து டயல் நழுவியிருந்தது. துடைத்து, புது கிரீஸ் வைத்து, ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்திப் பழகச் சொல்லி, புதுக் கரைசல்களில் புது வரைபடம் போட வைத்தேன். “அப்ப இதுவரைக்கும் குடுத்த ரிப்போர்ட்டு?” என்று கேட்டார். தின்று முடித்த தீவனத்தை எந்தத் திருத்தமும் எட்டாது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது.

கோடு விலகியதெல்லாம் கருவியின் கோளாறு என்று கொள்வதும் ஆபத்து. கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளியின் நிறமாலையைப் படமெடுத்தபோது கோடுகள் சாய்ந்திருந்தன. விலகல் மிகச் சிறியதுதான். கருவியின் மேல் பழிபோட அதுவே போதுமானது. ஆனால் கருவியின் நகர்வு எல்லாக் கோட்டையும் ஒரே பக்கம் தள்ளும். இங்கே புள்ளியின் ஒரு ஓரத்தில் சிவப்புப் பக்கமும் எதிர் ஓரத்தில் நீலப் பக்கமும் விலகியது; ஸ்லிட்டைக் குறுக்காகத் திருப்பினால் விலகலே மறைந்தது. வாயு புள்ளியிலிருந்து வெளிப்புறமாக ஓடுகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். சந்தேகத்தை ஒதுக்காமல், சந்தேகம் சரியென்றால் வேறென்ன தெரிய வேண்டும் என்று கேட்டுப் பார்த்ததில் கிடைத்த முடிவு அது.

அப்படியானால் லாம்ப் யார் சொல்லிச் சரி? 1890களில் மைக்கல்சன், பாரிஸுக்கருகே வைத்திருந்த உலோக மீட்டரைக் கொண்டு காட்மியத்தின் சிவப்புக் கோட்டை அளந்தார். 1960-ல் தலைகீழானது: கிரிப்டான்-86 கோட்டின் 1650763.73 அலைநீளங்களே ஒரு மீட்டர் என்று தீர்மானித்தார்கள். 1983-ல் அதுவும் போய், ஒளி ஒரு விநாடியில் 299792458-ல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம் மீட்டராயிற்று. எதை நியமமாகக் கொள்வது என்பதைக் கூடிப் பேசி மாற்றியிருக்கிறார்கள். கொண்டபின் பச்சைக் கோடு எங்கே விழும் என்பதில் யாருக்கும் ஓட்டு இல்லை.

கவிதைக்கு மெர்க்குரி லாம்ப் கிடையாது என்று நண்பர்கள் சொல்லக்கூடும். எனக்கும் அது தெரியும். ஆனால் நம் சின்ன வட்டத்தில் ஒருவர் மதிப்பீடு இன்னொருவருடையதோடு ஒத்துப்போவதை நாம் நிரூபணமாக எடுத்துக்கொள்கிறோம். எல்லா ரிப்போர்ட்டும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கிறது. நம்மை அறியாதவன் எழுதிய, நமக்கு எந்த விதத்திலும் வேண்டியிராத ஒரு படைப்பை நம் அளவுகோலுக்கு முன் வைத்து, அளவுகோல் என்ன காட்டுகிறது என்று எப்போதாவது பார்க்கலாம். ஒரு படைப்பு போதாது. மூன்று நான்கு வேண்டும். திருகு இறுகியிருப்பது அப்போதுதான் கைக்குத் தெரியும்.