அலாஸ்காவா... நார்வேயா? கையில ஒரே ஒரு டிக்கெட்!

கப்பல் பயணம்னு சொன்னதுமே, முனையில நின்னு கையை விரிக்கிற ‘டைட்டானிக்’ ஜோடி ஞாபகம் வருதா? அப்போ நீங்க நம்ம கட்சி. அந்தப் படத்துல வில்லனா வர்ற பனியைப் பார்க்கறதுக்காகவே லட்சக்கணக்கான பேர் காசு கட்டிக் கப்பல் ஏறுறாங்க தெரியுமா? மே பிறந்தா போதும், வடக்கே ரெண்டு கடற்கரைங்க களை கட்ட ஆரம்பிச்சுடும். ஒண்ணு, அமெரிக்காவோட அலாஸ்கா. இன்னொண்ணு, ஐரோப்பாவோட நார்வே. ரெண்டுலயும் மலை, ரெண்டுலயும் கடல், ரெண்டுலயும் ஸ்வெட்டர். புரோஷர்ல போட்டோவை மாத்தி ஒட்டினாக்கூடக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்!

ஆனா நேர்ல அப்படி இல்லை பாஸ். ரெண்டையும் பார்த்தவன்கிற தைரியத்துல சொல்றேன். பனியாறு மலையை அரிச்சு அரிச்சுப் பள்ளமாக்கி, அதுக்குள்ள கடல் புகுந்தா அதுதான் ஃபியோர்டு. நார்வேயில அந்தச் சிற்பி வேலையை முடிச்சுட்டுக் கிளம்பி சுமார் 10,000 வருஷம் ஆச்சு. நாம பார்க்கிறது முடிஞ்ச சிலை. அலாஸ்காவுல உளிச் சத்தம் இன்னும் கேட்குது. சும்மா அழகுக்குச் சொல்லலை, நிஜமாவே காதுல கேட்கும்.

க்ளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள்ள மார்ஜரின்னு ஒரு பனியாறு. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் அகலத்துக்கு, இருபது மாடிக் கட்டடம் மாதிரி நீலச் சுவரா வந்து கடல்ல முடியும். கப்பல் இன்ஜினை அடக்கிட்டு எதிர்ல நிக்கும். மூவாயிரம் பேர் மேல்தளத்துல. யாரும் பேசறதில்லை. திடீர்னு சுவர்லேர்ந்து ஒரு துண்டு பெயர்ந்து விழும். முதல்ல காட்சி, அப்புறம்தான் சத்தம். நீங்க ‘ஐயோ விழுந்துடுச்சே’ன்னு கேமராவைத் தூக்கற நேரத்துலதான் இடி மாதிரி ‘டமார்’னு வரும். அந்த மண்ணோட மக்களான ட்லிங்கிட் பழங்குடிங்க இதுக்கு வெச்சிருக்கிற பேரு ‘வெள்ளை இடி’. இதைவிடப் பொருத்தமா யாரும் பேர் வைக்க முடியாது.

அந்த வளைகுடாவுக்கு ஒரு கதை இருக்கு. 1750 வாக்கில பனி முன்னேறி வந்து, அங்கே குடியிருந்த ட்லிங்கிட் மக்களைத் துரத்திடுச்சு. 1794-ல கேப்டன் வான்கூவரோட ஆளுங்க வந்தப்போ வளைகுடான்னே ஒண்ணு கிடையாது, முழுக்கப் பனிச்சுவர். 1879-ல ஜான் மியூர் என்கிற இயற்கை ஆர்வலர் வந்தப்போ அது எங்கேயோ உள்ளே போயிருந்தது. 1916-க்குள்ள சுமார் 100 கிலோமீட்டர் பின்வாங்கிடுச்சு. இன்னைக்குக் கப்பல் மிதக்கிற தண்ணிக்கு மேல அன்னைக்குப் பனி நின்னுது. துரத்தப்பட்ட மக்களோட வாரிசுகளுக்காக அங்கே மரபு முறையில கட்டின ஒரு பெரிய வீட்டை 2016-லதான் திறந்தாங்க. இந்த இடத்துக்குள்ள ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி. அதனால பயணத் திட்டத்துல ‘க்ளேசியர் பே’ன்னு தெளிவாப் போட்டிருக்கான்னு பாருங்க. வெறுமனே ‘பனியாறு தரிசனம்’னு போட்டிருந்தா அது வேற இடம்.

அடுத்தது திமிங்கிலம். கூன்முதுகுத் திமிங்கிலங்க குளிர்காலத்துல ஹவாய்ல குட்டி போட்டுட்டு, கோடையில சாப்பிடறதுக்குன்னே அலாஸ்காவுக்கு வருது. நாலஞ்சு சேர்ந்து தண்ணிக்கு அடியில வட்டமாச் சுத்திக் குமிழி விடும். அந்தக் குமிழி வலைக்குள்ள ஹெர்ரிங் மீன் கூட்டம் மாட்டினதும், வாயைப் பொளந்துக்கிட்டு மொத்தமா மேல வரும் பாருங்க... ஹாஸ்டல் மெஸ்ஸுல அப்பளம் வந்த மாதிரி ஒரு அவசரம்!

ஊருங்களும் சுவாரஸ்யம். ஜூனோ, அலாஸ்காவோட தலைநகரம். ஆனா வெளியூர்லேர்ந்து அந்த ஊருக்கு ரோடே கிடையாது. கப்பல் இல்லேன்னா விமானம். ஸ்காக்வே, 1890-கள்ல க்ளோண்டைக் தங்கத்தைத் தேடி ஓடினவங்க இறங்கின இடம். மலையைத் தாண்டறதுக்கு 1898-ல ரயில் போட ஆரம்பிச்சு 1900-ல முடிச்சாங்க. ரயில் வந்தப்போ தங்க ஜுரமே இறங்கிடுச்சு! இப்போ அந்த ரயில்ல சுத்திப் பார்க்க வர்றவங்கதான் அந்த ஊருக்குத் தங்கம். கெட்சிக்கனைப் பத்தி ஒரே வார்த்தை: குடை. சென்னை மாதிரி ரெண்டரை மடங்குக்கு மேல மழை.

சரி, நார்வேக்கு வருவோம்.

கெய்ராங்கர் ஃபியோர்டு. பதினஞ்சு கிலோமீட்டர் நீளம்தான். 2005-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தது. கப்பல் உள்ளே திரும்பும்போது ரெண்டு பக்கமும் மலை செங்குத்தா எழும்பி நிக்கும். தண்ணி தெப்பக்குளம் மாதிரி அசையாது. ஒரு பக்கம் ‘ஏழு சகோதரிகள்’னு ஏழு அருவி வரிசையாக் குதிக்குது. நேர் எதிர்க்கரையில தனியா ஒரு அருவி. அதுக்குப் பேரு ‘பொண்ணு கேட்டு வந்தவன்’. ஏழு பேரும் கண்டுக்கவே இல்லையாம். அந்தச் சோகத்துல குடிக்க ஆரம்பிச்சுட்டானாம், அதனாலதான் அந்த அருவியோட நடுவுல பாட்டில் வடிவம் தெரியுதாம். ஒருதலைக் காதலுக்கு உலகம் முழுக்க ஒரே கதைதான் போல! மே, ஜூன்ல பனி உருகும்போது ஏழு பேரையும் பார்க்கலாம். கோடை கடைசியில போனா மூணு, நாலு பேர்தான் வீட்டுல இருப்பாங்க.

என்னை அசத்தினது அருவி இல்லை. அந்தச் செங்குத்துப் பாறையில தொத்திக்கிட்டு நிக்கிற பழைய பண்ணை வீடுங்க. ஸ்காகெஃப்லோன்னு ஒண்ணு, தண்ணியிலேர்ந்து சுமார் 250 மீட்டர் உயரத்துல. வரி வசூலிக்க ஆள் வந்தா, மேல ஏற இருக்கிற ஏணியை உருவிடுவாங்களாம். கதையோ நிஜமோ, கீழேயிருந்து பார்த்தா நம்பத் தோணுது. இந்த மலையில மாட்டை எப்படி ஏத்தினாங்க, பால் கறந்து எப்படிக் கீழே கொண்டு வந்தாங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கலாம். அலாஸ்காவுல இயற்கை முன்னாடி மனுஷன் புள்ளி. நார்வேயில அந்த இயற்கை மேலயே ஆணி அடிச்சுக் குடித்தனம் நடத்தியிருக்கான்.

ரயில் இங்கேயும் உண்டு. ஃப்ளோம்ல கடல் மட்டத்துலேர்ந்து கிளம்பி, 20 கிலோமீட்டருக்குள்ள 860 மீட்டருக்கு மேல ஏறுது. 1940-ல ஓட ஆரம்பிச்சது. ஸ்காக்வே ரயிலும் கிட்டத்தட்ட அதே உயரம்தான் ஏறுது, ஆனா 32 கிலோமீட்டர் எடுத்துக்குது. நடுவுல ஒரு அருவி பக்கத்துல ஃப்ளோம் ரயிலை நிறுத்துவாங்க. பாட்டு ஒலிக்கும், பாறை மேல சிவப்பு டிரெஸ்ல ஒரு மோகினி ஆடுவா. நாட்டுப்புறக் கதையில வர்ற வனதேவதையாம். அச்சு அசல் நம்ம கோடம்பாக்கம்!

ரெண்டு இடத்துக்கும் பொதுவா ஒரு பயம் இருக்கு. அழகுக்கு அவங்க கொடுக்கிற விலை. செங்குத்து மலை ஒரு நாள் சரியும், சரிஞ்சா குறுகலான தண்ணியில அலை எழும்பும். 1934-ல நார்வேயோட டாஃப்யோர்டுல இப்படி எழும்பின அலையில 40 பேர் போயிட்டாங்க. கெய்ராங்கர் பக்கத்துல இருக்கிற ஓக்கெர்னெஸ் மலையை இன்னைக்கும் கருவி வெச்சுக் கண்காணிக்கிறாங்க. அலாஸ்காவோட லிட்டூயா வளைகுடாவுல 1958-ல எழும்பின அலை 524 மீட்டர் உயரம் வரைக்கும் மலை மேல இருந்த மரங்களை வழிச்சு எடுத்துடுச்சு. சுற்றுலாக் கப்பல்ங்க போய்க்கிட்டிருந்த ட்ரேசி ஆர்ம்ல, 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி காலையில மலை சரிஞ்சு பிரமாண்ட அலை எழும்புச்சு. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஜூனோ மக்களுக்கு வேற தலைவலி. பனியாத்துக்குப் பக்கத்துல தேங்குற தண்ணி உடைச்சுக்கிட்டு வந்து 2023-லயும் 2024-லயும் வீடுகளுக்குள்ள புகுந்துடுச்சு. நாம போட்டோ எடுத்துட்டு வந்துடறோம், அவங்க அங்கேயே இருக்காங்க.

இந்தப் பட்டிமன்றம் எனக்கு வந்ததே என் சித்தி பொண்ணாலதான். சியாட்டில்ல வேலை பார்க்கிறா. முதல் வருஷச் சேமிப்பு முழுசையும் போட்டு அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு ஆசை. ‘‘அண்ணா, இன்னொரு தடவை இப்படிப் பணம் சேருமான்னு தெரியாது. அப்பாவுக்கு முட்டி வலி வேற. எங்கே போறதுன்னு நீயே சொல்லு’’ன்னு போன்ல கேட்டா. சித்திகிட்ட கொடுத்தா. சித்திக்கு ஒரே கேள்விதான்: ‘‘ஏம்ப்பா, ரசம் கிடைக்குமா?’’

ரசம் கிடைக்காது. ஆனா பெரிய கப்பல்கள்ல நம்ம நாட்டு ஆளுங்க நிறைய பேர் வேலை பார்க்கிறாங்க. முதல் நாளே சுத்த சைவம்னு சொல்லிட்டா சாதம், பருப்பு, ஒரு கறின்னு ஏற்பாடு பண்ணிடுவாங்க. முட்டி வலிக்கும் பிரச்னை இல்லை. அலாஸ்காவோட முக்கியமான காட்சி எல்லாம் கப்பல் மேல உட்கார்ந்தபடியே கிடைக்கும். நார்வேயில அழகுல பாதி, இறங்கி மலை ஏறினாத்தான். சித்தப்பாவுக்கு அது சரிப்படாது.

சிக்கல் விசாவுலதான். 1886-ல அமெரிக்கா போட்ட ஒரு சட்டம், வெளிநாட்டுக் கொடி கட்டின கப்பல் நடுவுல வேற நாட்டைத் தொடாம அமெரிக்கத் துறைமுகத்துலேர்ந்து இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துக்கு ஆளை ஏத்திக்கிட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லுது. பெரிய சுற்றுலாக் கப்பல்ங்க எல்லாமே ஏறக்குறைய வெளிநாட்டுக் கொடிதான். அதனால சியாட்டில்ல கிளம்பிச் சியாட்டிலுக்கே திரும்பற கப்பல்கூட கனடாவோட விக்டோரியாவுல ஒரு எட்டு எட்டிப் பார்க்கும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா, அதுவும் பலமுறை நுழையற மாதிரி, கூடவே கனடா விசா, ரெண்டும் தேவை. நார்வேக்கு ஒரு ஷெங்கன் போதும், ஆனா இங்கிலாந்தோட சவுத்தாம்ப்டன்ல ஏறினா அந்த நாட்டு விசாவும் தனியா எடுக்கணும். டிக்கெட் போட்டுட்டு விசா தேடாதீங்க, விசா கையில வந்ததும் டிக்கெட் போடுங்க.

படிக்கிற பசங்க ‘இதெல்லாம் நமக்கு எதுக்கு’ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. சொகுசுக் கப்பல்தான் வழின்னு இல்லை. நார்வேயில 1893-ல தபாலும் சரக்கும் ஏத்திக்கிட்டு ஓட ஆரம்பிச்சு, இப்போ பெர்கன்லேர்ந்து கிர்க்கெனெஸ் வரைக்கும் ஓடற கடலோரக் கப்பல் இருக்கு. 34 துறைமுகம். ஒரு ஊர்ல ஏறி அடுத்த ஊர்லயே இறங்கிக்கலாம், நம்ம டவுன் பஸ் மாதிரி! குளிர்காலத்துலயும் ஓடறதால வடதுருவ ஒளி பார்க்கவும் அதுதான் வசதி. அலாஸ்காவுக்கு அரசாங்கமே 1963-லேர்ந்து ஃபெர்ரி விடுது. அமெரிக்காவுல படிக்கிறவங்க வாஷிங்டன் மாநிலத்துல பெல்லிங்ஹாம்ல ஏறலாம். ரூம் எடுக்கக் காசில்லையா? மேல்தளத்துல டென்ட் அடிச்சு, காத்துல பறக்காம டேப் போட்டு ஒட்டிக்கிட்டுத் தூங்கறாங்க. கனடாவுல நிக்காம நேரா கெட்சிக்கன் போறதால அந்த ரெண்டாவது விசாவும் மிச்சம்.

இன்னொரு விஷயமும் யோசிக்க வெச்சுது. ஜூனோவுல சுமார் 32,000 பேர்தான். ஒரே சீசன்ல கப்பல்ல வந்து இறங்கறவங்க 16 லட்சத்துக்கும் மேல. ஊர்க்காரங்க பேசிப் பார்த்து 2024-லேர்ந்து ஒரு நாளைக்கு அஞ்சு பெரிய கப்பல்தான்னு கோடு போட்டாங்க. நார்வே இன்னும் கறார். உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளுக்குள்ள புகை விடற கப்பலே வரக் கூடாதுன்னு முடிவெடுத்து, 10,000 டன்னுக்குக் குறைவான கப்பல்களுக்கு 2026 ஜனவரி முதலும் பெரியதுங்களுக்கு 2032 முதலும்னு கெடு வெச்சிருக்கு. கெய்ராங்கர்ல சில நூறு பேர்தான் குடியிருக்காங்க. அந்தக் குட்டி கிராமத்து முன்னாடி பத்து மாடிக் கப்பல் வந்து புகை கக்கறதைப் பார்த்தா, அந்தச் சட்டம் லேட்டுன்னுதான் எனக்குத் தோணும்.

என் ஓட்டு? சித்தப்பா குடும்பத்துக்கு அலாஸ்கா. முட்டிக்காக மட்டும் இல்லை. நார்வேயோட பாறை எங்கேயும் போகாது, தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைங்களோட போனாலும் அப்படியே நிக்கும். பனியைப் பத்தி அந்த உத்தரவாதத்தை யாரும் தரலை. ஆனா இருபது வயசு, முதுகுல ஒரு பை, நடக்கக் காலு ரெண்டு இருக்குன்னா, யோசிக்காம நார்வேதான். மே கடைசியிலேர்ந்து ஜூலை மூணாவது வாரம் வரைக்கும் ட்ரோம்சோவுல சூரியன் மறையறதே இல்லை. ராத்திரி பன்னெண்டு மணிக்கு வெயில்ல நின்னு செல்ஃபி எடுக்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைக்கும்?

தங்கச்சிக்கு ஒரே ஒரு விஷயம்தான் அழுத்திச் சொன்னேன். சியாட்டில்ல கிளம்பற கப்பல் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளிப்பக்கம், திறந்த கடல்ல போகும், ஆட்டம் அதிகம். வான்கூவர் துறைமுகத்துல ஏறினா தீவுகளுக்கு நடுவுல அடக்கமான தண்ணியில போகலாம். எப்படியும் கனடா விசா எடுக்கத்தான் போறே, அங்கேயே ஏறிடுன்னேன். ‘‘சரிண்ணா’’ன்னவ, ‘‘அம்மா ரசப்பொடி எடுத்துக்கலாமான்னு கேட்கறாங்க’’ன்னா. எடுத்துக்கட்டும், வெந்நீர் கப்பல்ல எந்நேரமும் கிடைக்கும்!