காலடிப் பெட்டியும் கீழ்ச்சுரமும்

இசைக்குழுவொன்றில் யாவர் செவியிலும் விழுந்தும் எவராலும் தனித்துக் கவனிக்கப்படாத குரல் பேஸ் கிற்றாருடையது. பாடகரின் சொற்களையும் முன்னணிக் கிற்றாரின் ஓட்டங்களையும் நினைவிற் சுமந்து வீடு திரும்பும் இரசிகனிடம், அவ்விரண்டையும் கீழேநின்று தாங்கிய சுரங்கள் எவை என வினவின் அவன் விடைகூற மாட்டான். ஆயின் அக்கருவி பாட்டின் நடுவே ஓய்ந்துவிடுமாயின், ஏதோ ஒன்று சரிந்துவிட்டதென்பதை அவனும் உடனே உணர்வான். இக்கருவியை வாசிப்போரின் தொழில்முறையைச் செங்கல்லளவேயான ஒரு பெட்டி கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மாற்றி வந்திருக்கிறது. அதனைப் 'பெடல்' என்பர். காலடியில் வைத்து, வேண்டும்போது மிதித்து இயக்கப்படுவது அது.

இப்பெட்டி செய்யும் வேலை இரண்டு. கம்பியின் அதிர்விலிருந்து பிறக்கும் மெலிந்த மின் அலையை ஏற்று, அதனை உரப்படுத்தி, மேலும் கீழும் நடுவுமான மீடிறன்களை வேண்டியவாறு கூட்டிக் குறைப்பது முதலாவது. அதனைச் செய்யும் உறுப்பு முன்விரியலாக்கி, வழக்கில் 'பிறீ அம்ப்'. பெரியதொரு விரியலாக்கியும் அதனோடிணைந்த ஒலிபெருக்கிப் பேழையும் தரும் ஓசையை, அவை இல்லாமலே போலச்செய்து காட்டுவது இரண்டாவது. இதுவே 'அம்ப் சிமியுலேற்றர்' எனப்படும். இவ்விரண்டும் இன்று பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டன. போலச்செய்யப்படும் அந்த ஓசை எத்தகையது, அது எங்கிருந்து வந்தது என்பதை நோக்கினாலன்றிப் பெட்டியின் பெருமையும் சிறுமையும் விளங்கமாட்டா.

கலிபோர்ணியாவில் லியோ பெண்டர் 1951 இல் பிரெசிஷன் பேஸ் என்னும் மின்கருவியை விற்பனைக்கு விட்டபோது, ஆளுயரமான டபிள் பேஸைச் சுமந்து திரிந்த கலைஞர்க்கு ஒரு சுமை இறங்கிற்று. ஆனால் இறங்கிய சுமை வேறொரு வடிவில் மீண்டும் ஏறிற்று. பேஸ் கிற்றாரின் தடித்த கம்பி 41.2 ஹேர்ட்ஸ் மீடிறனில் அதிர்கிறது. காற்றில் அவ்வலையின் நீளம் 8 மீற்றரினும் சற்று அதிகம். அத்துணை நீண்ட அலையை மண்டபமொன்றில் எழுப்புதற்கு நிறையக் காற்றைத் தள்ளவேண்டும்; அதற்குப் பெரிய ஒலிபெருக்கிகளும் மிகுந்த வலுவும் வேண்டும். 1969 இல் அம்பெக் நிறுவனம் வெளியிட்ட எஸ்.வி.ரி. என்னும் விரியலாக்கி 14 வால்வுகளையும் 300 வாற்று வலுவையும் உடையது. ஒவ்வொன்றும் 10 அங்குல விட்டமுள்ள எட்டு ஒலிபெருக்கிகளைக் கொண்ட பேழைகள் அதற்கெனவே செய்யப்பட்டன. அவ்வாண்டில் அமெரிக்காவெங்கும் சுற்றுப்பயணஞ் செய்த றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் அதனை மேடையேற்றினர். பயணத்துக்கு ஆட்களும் பாரவண்டிகளும் உடைய குழுவுக்கு அது தகும். வாரவிறுதியில் திருமண வீட்டிலும் சிறு மண்டபத்திலும் வாசித்துப் பிழைப்பவனுக்கு, ஒருவர் தனித்துத் தூக்கவியலாத அப்பேழை ஒரு தண்டனையே.

இங்கே ஒரு முரண்பாட்டைக் குறிப்பிடல் வேண்டும. அம்பெக் என்னும் பெயர், டபிள் பேஸின் அடிக்காலினுள் ஒலிவாங்கியொன்றைப் பொருத்தும் உபாயத்திலிருந்து வந்தது. அந்நிறுவனத்தைத் தொடங்கிய எவரெற் ஹல் தாமே பேஸ் வாசித்தவர். ஓசை பிசிறின்றித் தூயதாக வரவேண்டும் என்பதில் விடாப்பிடியானவர். விரியலாக்கியை அளவுக்கு மீறி உரத்து ஒலிக்கச்செய்து உருக்குலைப்பதை வெறுத்தவர். ஆயினும் எஸ்.வி.ரி. புகழ்பெற்றது, அதன் வால்வுகள் திணறும்போது எழும் அந்த உறுமலினாலேயே. நிறுவியவர் குற்றமெனக் கருதியதே பின்வந்தோர்க்குக் குணமாயிற்று. இன்றைய பெட்டிகள் பாடுபட்டுப் போலச்செய்வது அக்குற்றத்தைத்தான்.

குற்றம் குணமானதற்குக் காரணம் வெறும் மோகமன்று. வால்வு தன் எல்லையைத் தொடும்போது அலையின் முடியை வெடுக்கென வெட்டிவிடாது மெல்லென மழுக்குகிறது. அம்மழுங்கலினால், கம்பி அதிர்விலே குறைவாக இருந்த மேற்றொனிகள் புதிதாகப் பிறக்கின்றன: 41.2 இன் மேலே 82, 124, 165 என அவை அடுக்கடுக்காக எழும். சிறியதொரு வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியால் 41 ஹேர்ட்ஸ் அலையை எழுப்பவே இயலாது. எனினும் மேற்றொனிகளைக் கேட்ட மாத்திரத்தில், அவற்றுக்கிடையேயுள்ள ஒழுங்கான இடைவெளியைக்கொண்டு, இல்லாத அடிப்படைச் சுரத்தை மூளை தானே கற்பித்துக்கொள்கிறது. இளையராஜாவின் 1980 களின் பாடல்களிலே வளைந்து நெளிந்து செல்லும் பேஸ் வரிகளைக் கைக்கடக்கமான திரான்சிற்றர் வானொலியிற் கேட்டு மகிழ்ந்தவர்கள், உண்மையில் அச்சுரங்களின் அடிப்பாகத்தைக் காதாற் கேட்டவர்களல்லர். மேற்றொனிகளின் துணைகொண்டு மனத்தால் கேட்டவர்கள். ஆகவே கீழ்ச்சுரத்தோடு சிறிது கரகரப்பைச் சேர்த்தல் அலங்காரம் மட்டுமன்று. சிறிய ஒலிபெருக்கிகளின் வழியே கேட்போரைச் சென்றடைவதற்கு அது வழியுமாகும்.

நியூயோர்க் நகரிலே அன்ட்ரூ பார்ட்டா என்பவர் 1989 இல் தம் டெக் 21 நிறுவனத்தின் மூலம் சான்ஸ்அம்ப் என்னும் பெட்டியை வெளியிட்டார். 'சான்ஸ்' என்பது பிரெஞ்சு மொழியில் 'இன்றி' எனப் பொருள்படும். விரியலாக்கி இன்றி என்பதே பெயரின் கருத்து. 1992 இல் பேஸ் கிற்றாருக்கெனத் தனியாக பேஸ் டிரைவர் டி.ஐ. வந்தது. அதனுள் வால்வும் இல்லை, கணினியும் இல்லை. குறைகடத்திச் சுற்றுகள் மட்டுமே உண்டு. அவற்றைக்கொண்டு வால்வின் மழுங்கலையும் ஒலிபெருக்கிப் பேழையின் இயல்பையும் அவர் வரைந்துகாட்டினார். பேழையின் இயல்பு என்பது யாதெனில், 10 அங்குல ஒலிபெருக்கி 4,000 அல்லது 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே விரைவில் ஓய்ந்துவிடுகிறது. இந்த ஓய்வு இல்லாவிடில், மழுக்கப்பட்ட அலை தேனீக்கூட்டம்போல் இரையும். பேழையை வெறும் பெட்டியென்று எண்ணுவோர் பலர். அது ஒரு வடிகட்டி என்பதை இப்பெடலை ஆக்கியோர் நன்கறிந்திருந்தனர்.

அப்பெட்டியிலுள்ள குமிழ்களில் நுட்பமானது கலவைக் குமிழ். மழுக்கப்பட்ட அலையை மட்டும் வெளியே விட்டால் கீழ்ச்சுரத்தின் பருமன் குன்றி, தாளத்தின் முனை மழுங்கிவிடும். ஆதலால் தூய அலையையும் திரிந்த அலையையும் அருகருகே ஓடவிட்டு, வேண்டிய விகிதத்திற் கலக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. பெட்டியின் மற்றுமொரு பணி புகழப்படுவதில்லை. ஆயினும் அன்றாடத் தொழிலில் அதுவே பெரிது. சாதாரண பேஸ் கிற்றாரின் வெளியீட்டுத் தடங்கல் மிக உயர்ந்தது. அதனை நீண்ட வடத்தின்வழி நேரே கலவை மேசைக்கு அனுப்பின் உயர்மீடிறன்கள் வழியிலேயே தேய்ந்து, இரைச்சலும் கூடவே வரும். பெட்டியோ ஒரு மெகா ஓம் அளவில் உள்வாங்கி, தாழ்ந்த தடங்கலுடைய சமநிலை அலையாக மாற்றி அனுப்புகிறது. அதன்பின் மேடையிலிருந்து மண்டபக் கோடிவரை வடம் நீண்டாலும் தீங்கில்லை.

இவ்விடத்தில் ஜேம்ஸ் ஜேமர்சனின் வரலாறு நினைவுக்கு வராமற் போகாது. டெட்ரோயிற் நகரில் மோற்றவுன் நிறுவனம் ஒரு வீட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தது. அங்கே 1960 களில் வெளிவந்த பாடல்களுட் பெருந்தொகையானவற்றுக்கு பேஸ் வாசித்தவர் அவர். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே கம்பிகளைச் சுண்டினார். தடித்த பழங்கம்பிகளை அறுந்தாலன்றி மாற்றமாட்டார் என்பர். பின்வந்த தலைமுறைகள் முன்மாதிரியாகக் கொள்ளும் அந்தக் கொழுத்த ஓசையை எந்த விரியலாக்கி தந்தது எனத் தேடிச்செல்வோர் வியப்படைவர். அக்கூடத்தில் கிற்றார்களும் பேஸும் பெரும்பாலும் நேரே கலவை மேசையிலே செருகப்பட்டன. விரியலாக்கியின் முன்னே ஒலிவாங்கி வைக்கும் வழக்கம் அங்கு அரிது. விரியலாக்கியின்றி வாசித்தல் 1989 இல் தோன்றிய புதுமையன்று; உயர்வெனப் போற்றப்படும் பேஸ் ஒலிப்பதிவுகளிற் பல அவ்வாறு பிறந்தவையே. இதனை அறியாது, அசல் விரியலாக்கியே கலை, பெட்டி வெறும் போலி என வாதிடுவோரின் வாதம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

அவ்வோசைக்குரியவர் பெயரோ நெடுங்காலம் எவர்க்குந் தெரியாது. மோற்றவுன் இசைத்தட்டுகளின் உறைகளில் வாத்தியக் கலைஞரின் பெயர்கள் அச்சிடப்படுவதில்லை. மார்வின் கேயின் 1971 ஆம் ஆண்டு இசைத்தட்டிலேயே ஜேமர்சன் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்டார். அடுத்த ஆண்டில் நிறுவனம் லொஸ் ஏஞ்சலீசுக்கு இடம்பெயர்ந்தது. அவர் 1983 ஓகஸ்ட்டில் 47 ஆம் வயதிற் காலமானார். அதற்குச் சற்று முன்னரே அவருடைய 1962 ஆம் ஆண்டுக் கருவி களவுபோயிருந்தது. ஓசையைப் பெட்டியிலடைத்து விற்கும் காலத்தில் இதனை எண்ணிப் பார்ப்பது தகும்.

பெட்டியை வாங்குவோர் பொதுவாகச் செய்யும் பிழை, அறையிலே தனித்திருந்து அதன் குமிழ்களைத் திருப்புவதாகும். தாழ்ந்த சத்தத்திலே மனிதச் செவி கீழ்மீடிறன்களைச் சரிவரக் கேளாது. இதனைப் பிளெச்சரும் மன்சனும் 1933 இல் வளைகோடுகளாக வரைந்து காட்டினர். ஆகவே அறையிலிருப்பவன் கீழ்ச்சுரத்தை மிகக் கூட்டுவான், மினுக்கத்துக்காக மேலையும் கூட்டுவான், நடுவைக் குறைப்பான். தனியே கேட்கையில் அது பட்டுப்போலிருக்கும். முரசும் இரு கிற்றார்களும் சேர்ந்தவுடன், வாசிப்பவன் கை அசைவதைக் காணலாமேயன்றி ஓசையைக் கேட்கவியலாது. ஏனெனில் சுரம் இன்னதென்று செவிக்குச் சொல்வது நடுமீடிறனே. பேஸ் டிரைவரின் முதல் வடிவம் இயல்பாகவே நடுவைத் தாழ்த்துவது. பின்னாளில் வந்த வடிவில் அதற்கெனத் தனிக்குமிழ் சேர்க்கப்பட்டமை காரணமின்றியன்று. மற்றொரு பிழை, போலச்செய்யும் பெட்டியை மெய்யான விரியலாக்கியின் முகப்பிலே செருகுவது. அப்போது பேழையின் வடிகட்டல் இருமுறை நிகழ்ந்து ஓசை போர்வைக்குள் அகப்பட்டதாகும். விரியலாக்கியின் பின்புறத்தில் 'றிற்றேர்ன்' எனக் குறித்த துளையிருப்பின் அதிலே செருகுவதே முறை. இல்லையேல் பெட்டியிற் பேழைப்பகுதியை மட்டும் அணைத்துவிடலாம், அவ்வசதி இருந்தால்.

கணினிமுறைப் பெட்டிகள் பின்னர் பெருகின. பேழையொன்றினுள் ஒரு கணப்பொழுதுத் துடிப்பைச் செலுத்தி அதன் மறுமொழியைப் பதிந்துவைத்தால், அப்பேழையின் இயல்பு முழுவதையும் எண்களாகச் சேமிக்கலாம். வால்வின் மழுங்கலை அவ்வாறு பிடிக்க இயலாது. உள்ளீடு இருமடங்கானால் வெளியீடும் இருமடங்காகும் என்னும் நேர்த்தன்மை அங்கே இல்லை. அதற்கு மெய்யான விரியலாக்கியைக் கேட்டுக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் நரம்பு வலைப்பின்னல்களை இன்று பயன்படுத்துகின்றனர். பதிவிலே அசலையும் போலியையும் பிரித்தறிதல் தேர்ந்த செவிக்கும் கடினமாகிவிட்டது.

மேடையிலோ வேறுபாடு எஞ்சியுள்ளது. எட்டு ஒலிபெருக்கிகளின் முன்னே நின்றவன் தன் சுரத்தைக் காதால் மட்டும் கேட்டானல்லன்; காற்சட்டை அசைவதிலும் நெஞ்செலும்பு அதிர்வதிலும் அறிந்தான். காதுக்குள் செருகிய சிறு கருவியில் அது கிட்டாது. அதற்கீடாகப் பெட்டி ஒன்றைத் தருகிறது: சபையோர் கேட்கும் ஓசையின் வடிவம் முதன்முறையாக வாசிப்பவன் காலடியிலேயே தீர்மானமாகிறது. கலவை மேசைக்காரரின் விருப்பத்துக்கு அது முன்போல் முற்றாக விடப்படுவதில்லை. கவனிக்கப்படாத குரலுக்குரியவனுக்கு இது சிறிய ஆதாயமன்று.

ஜேமர்சனின் ஓசையைத் தேடுவோர்க்கு மட்டும் இன்னுமொன்று. அவருடைய கருவியில் கம்பிகள் முடியும் பாலத்தை மூடிய உலோகத் தகட்டின் அடியில் ஒரு ஸ்பொஞ்சுத் துண்டு இருந்தது. அது கம்பியை இலேசாக அழுத்தி, சுரம் நீளாமல் மொத்தென்று விழுந்து ஓயச்செய்தது. எந்தப் பெட்டியையும் விலைபேசுமுன் சட்டி கழுவும் ஸ்பொஞ்சில் ஒரு துண்டை வெட்டிக் கம்பிகளின் கீழே செருகிப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுட் சிலர் பெட்டியை வாங்காமலே திரும்பிவிடுகின்றனர்.