நறுமணமும் ஒரு நோயாளியின் மூச்சும்



இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று எழுதுவது கணவன் மனைவி இருவரையும் சேர்த்துத்தான். நோய் எங்களில் ஒருவருக்கே. ஆனால் ஒரே கூரையின் கீழ் அந்நோயோடு வாழ்பவர்கள் இருவர். மனைவியின் சம்மதம் பெற்று, அவர் படித்துத் திருத்திய பிறகே இதனை உங்கள் முன் வைக்கிறோம்.

வெள்ளமும் வண்ணப்பூச்சும்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாட்களைக் காயல்பட்டினத்தார் எவரும் மறக்க மாட்டார்கள். 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் எங்கள் ஊரில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம்.

எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர் இரண்டு நாட்கள் நின்றது. ஊர் வழக்கப்படி அது மனைவிக்குப் பெற்றோர் கொடுத்த வீடு. சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர்கள். நீர் வடிந்ததும், உயிர் பிழைத்ததற்கு அல்ஹம்துலில்லாஹ் கூறிவிட்டுச் சேற்றை அள்ளினோம். நனைந்த மெத்தைகளையும் அரிசி மூட்டையையும் தயக்கமின்றி வெளியே போட்டோம். கிதாபுகளைப் போடத்தான் மனம் வரவில்லை. மதரஸாவில் ஓதிய காலத்தில் வாங்கியவை அவை. உஸ்தாதுமார்கள் சொல்லச் சொல்ல ஓரங்களில் எழுதிய குறிப்புகள் அவற்றில் இருந்தன. உலரட்டும் என்று படுக்கையறைச் சுவரோரம் அடுக்கி, மின்விசிறியைச் சுழல விட்டோம்.

பூஞ்சைக்கு வேண்டியவை மிகக் குறைவு: ஈரம், தின்பதற்குக் காகிதமோ மரமோ துணியோ, சற்றே கால அவகாசம். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை வளரத் தொடங்கிவிடலாம் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தோம். எங்கள் கிதாபுகள் உலர மூன்று வாரங்கள் ஆயின.

மார்ச் மாதம் ரமளான் வரவிருந்தது. அதற்குள் வீட்டைச் சீராக்கிவிட வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு. படுக்கையறைச் சுவரின் அடிப்பகுதியில் கரும்புள்ளிகள் தெரிந்தன. மக்கிய வாடையும் இருந்தது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் துடைத்து, பட்டி பார்த்து, அதன்மேல் எமல்ஷன் பூசினோம். சுவர் வெள்ளை வெளேரென்று ஆனதைக் கண்டு மகிழ்ந்தோம். எங்கள் தவறு அன்றுதான் முழுமை அடைந்தது.

பெருநாள் காலை

தும்மலும் கண்ணெரிச்சலும் முதலில் வந்தன. ரமளான் பாதியைக் கடக்கும்போது மனைவியால் இரவில் படுத்துறங்க இயலவில்லை. சுவரில் சாய்ந்து அமர்ந்தபடியே ஸஹர் வரை இருமிக்கொண்டிருந்தார். அவர் சாய்ந்திருந்ததும் அதே சுவர்தான். பின்னர் வேறொரு மாற்றம் தொடங்கிற்று. அதுவரை அவரை ஒன்றும் செய்யாதிருந்த பொருட்களெல்லாம் அவருக்குத் தாங்க முடியாதவையாயின. தரை துடைக்கும் பினாயில், சலவைத்தூள், அலமாரியில் இட்ட பாச்சை உருண்டை, பக்கத்து வீட்டுக் கொசுவத்திச் சுருள் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் நீண்டது. வாடை பட்ட சில நிமிடங்களில் நெஞ்சு இறுகும், தலை கனக்கும், சொல்ல வந்த சொல் மறந்துபோகும்.

ஈகைப் பெருநாள் காலையில் குளித்து, புத்தாடை அணிந்து, வழக்கம்போல் அத்தர் பூசிக்கொண்டு ஸலாம் சொல்லியபடி அறைக்குள் நுழைந்தபோது, அவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்" என்றார். திருமணமாகி இருபது ஆண்டுகளில் அவர் அப்படிச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அவரே அழுதார்.

மருத்துவர் சிலரிடம் சென்றோம். ஒருவர் வாயுத் தொல்லை என்றார். ஒருவர், எல்லாம் மனம்தான் என்று புன்னகைத்தார். திருநெல்வேலியில் நெஞ்சக நோய் மருத்துவர் ஒருவர்தான், "வீட்டுக்குள் வெள்ளம் வந்ததா?" என்று கேட்டார். மூச்சுச் சோதனையும் தோல் சோதனையும் செய்து, பூஞ்சை ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் இருப்பதாகக் கூறி இன்ஹேலர் எழுதித் தந்தார். "மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதி வேலை உங்கள் சுவரில் இருக்கிறது" என்றார்.

மருத்துவ உலகம் இது குறித்துக் கூறுவதை மிகையின்றிப் பகிர்வது கடமை. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு ஆஸ்துமாவும் சுவாசக் கோளாறுகளும் அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டு நூலே கூறுகிறது. ஆனால் அத்தர், பினாயில், புகை என்று தொடர்பற்ற பல பொருட்களும் மிகக் குறைந்த அளவிலேயே ஒருவரை வருத்தும் இந்த நிலை வேறு. அமெரிக்க மருத்துவர் மார்க் கலன் 1987இல் இதற்கு ஒரு வரையறை தந்தார். இதன் காரணம் குறித்து அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எது வேதிப்பொருள், எது வெறுங்காற்று என்று சொல்லாமல் நடத்திய சோதனைகள் பலவற்றில் நோயாளிகளால் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை. ஆகவே, ஒருமுறை அஞ்சிய உடல் பின்னர் வாடை என்றாலே அபாய மணி அடிக்கப் பழகிவிடுகிறது என்கின்றனர் சிலர். நச்சுப் பொருள் ஒன்றுக்கு ஆட்பட்டதால் உடல் தன் தாங்கும் ஆற்றலையே இழந்துவிடுகிறது என்கின்றனர் வேறு சிலர்.

எங்களுக்கு இவ்விரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. இரவு இரண்டு மணிக்கு அவருடைய மூச்சிரைப்பைக் கேட்டுக்கொண்டு அருகில் அமர்ந்திருந்தவர்கள் நாங்கள். காரணம் எதுவாயினும் வேதனை பொய்யன்று. நஞ்சை முறித்து ஒரே மாதத்தில் குணமாக்குவதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளையும் வாங்கிப் பார்த்தோம். பணம் போனதுதான் மிச்சம். நீங்களாவது எச்சரிக்கையாக இருங்கள்.

சுவரும் கிதாபுகளும்

சுவரைப் பார்க்க வந்த முதிய கொத்தனார், எமல்ஷனை விரல் நகத்தால் கீறினார். அது தோலாக உரிந்து வந்தது. உள்ளே காரை ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தது. "சுண்ணாம்புச் சுவர் தானாக ஈரத்தை வெளியே விட்டுவிடும், ஆலிம்சா. நீங்கள் அதன் வாயை அடைத்துவிட்டீர்கள்" என்றார். இடுப்பளவு உயரத்துக்குக் காரையைக் கொத்தி எடுத்து, ஒரு கோடைக்காலம் முழுவதும் செங்கல் தெரியக் காற்றாட விட்டோம். பின்னர் சுண்ணாம்புக் காரையே பூசி, சுண்ணாம்பே அடித்தோம். அந்த மாதங்களில் மனைவி பக்கத்துத் தெருவில் தம் மூத்த சகோதரியின் வீட்டில், தாயாரோடு தங்கினார்.

கிதாபுகள்தாம் எங்களைச் சோதித்தன. பூஞ்சை செத்தாலும் அதன் துகள்கள் ஒவ்வாமையைத் தூண்டும் ஆற்றலை இழப்பதில்லை. காகிதத்தின் உள்ளே ஊடுருவியதைத் துடைத்தெடுக்கவும் முடியாது. ஆறு மாதங்களாக அவற்றை அறைக்கு அறை மாற்றிக்கொண்டிருந்தோம். நோயுற்ற ஒரு மூமினின் மூச்சா, நம் கைப்பட எழுதிய குறிப்புகளா என்ற கேள்வியை எங்களுக்குள் கேட்கவே அஞ்சினோம். முடிவில், சிதைந்த முஸ்ஹபுகளுக்கு மார்க்க அறிஞர்கள் சொன்ன வழியில், தூய துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் குழி தோண்டி அடக்கினோம். அன்று இரவு உறக்கம் வரவில்லை. ஆயினும் அந்த அறையில் இருமல் சத்தம் இல்லாத முதல் வாரம் அதன் பிறகுதான் வந்தது.

நபிவழியில் உள்ள இடம்

மனைவி வீடு திரும்பிய பின்னும் நறுமணங்கள் அவரை வருத்துவது நிற்கவில்லை. பள்ளிவாசலில் முஸாபஹா செய்து, நண்பர்களைத் தழுவி வீடு திரும்பினால், அவர்களுடைய அத்தரெல்லாம் எங்கள் சட்டையில் இருக்கும். வாசலிலேயே சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டு, கைகால் முகம் கழுவிய பின்னரே உள்ளே செல்வோம். இயற்கையான சந்தன அத்தர் ஒன்றும் செய்யாது என்று முதலில் எண்ணினோம், அதுவும் தவறாயிற்று. சாம்பிராணிப் புகையும் எந்தப் புகையையும் போல நுண்துகள் நிறைந்ததே.

நறுமணம் நபி (ஸல்) அவர்களுக்கு விருப்பமானது. ஜுமுஆவுக்குக் குளித்து, நறுமணம் பூசி வருவதன் சிறப்பை மாணவர்களுக்குப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். இன்றும் கற்பிக்கிறோம். பூண்டும் வெங்காயமும் உண்டவர் பள்ளிவாசலை விட்டு விலகியிருக்குமாறு பணிக்கும் ஹதீஸையும் கற்பிக்கிறோம். மனிதருக்குத் தொல்லை தருவது வானவருக்கும் தொல்லை தருகிறது என்ற காரணம் அதில் சொல்லப்படுகிறது. நறுமணத்தையும் பூண்டு வாடையையும் ஒன்றாக்கி ஃபத்வா சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை. எனினும் உணவு ஹலால். தொல்லை தருவதுதான் தடுக்கப்பட்டது. இதனைச் சிந்தித்தால் பிறருடைய மூச்சுக்கும் நம்மீது உரிமை உண்டு என்பது விளங்கும்.

இது நூலறிவாக மட்டும் இருந்துவிடவில்லை. சென்ற ஆண்டு மனைவியின் தாயார் வஃபாத்தானார்கள் (இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்). தாயைக் குளிப்பாட்டுவது மகள் செய்யக் கிடைக்கும் கடைசிப் பணி. ஆனால் மய்யித் வீட்டில் ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம், அத்தர் எல்லாம் இருக்கும். மனைவி தெருமுனையில் நின்றுவிட்டார். உள்ளே செல்லவும் முடியவில்லை. திரும்பிப் போகவும் முடியவில்லை. துயரம் கவிந்த வீட்டில் போய், எங்களுக்காக எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று கேட்க எங்களுக்கு நா எழவில்லை.

குளிப்பாட்டும் பெண்களுக்குத் தலைமை தாங்கும் மூதாட்டி விவரம் அறிந்து, எங்களைத் திரைக்கு வெளியே அழைத்துக் கேட்டார்கள்: "மாப்பிள்ளை, கற்பூரம் கடைசித் தண்ணீருக்குத்தானே?"

ஆம், அப்படித்தான். நபி (ஸல்) அவர்கள் தம் மகளாரைக் குளிப்பாட்டிய உம்மு அதிய்யா (ரலி) உள்ளிட்ட பெண்களுக்கு, இலந்தை இலை கலந்த நீரால் ஒற்றைப்படையாகக் கழுவி, கற்பூரத்தைக் கடைசி முறையில் சேர்க்கவே கற்றுத்தந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் அது. பலமுறை பாடம் நடத்திய ஹதீஸ். அதில் எங்கள் மனைவிக்கும் ஓர் இடம் இருப்பதை, எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டிதான் எங்களுக்குக் காட்டினார்கள்.

ஊதுபத்திகள் அணைக்கப்பட்டன. சன்னல்கள் திறக்கப்பட்டன. "முதல் தண்ணீரெல்லாம் உன்னுடையது, மவளே. கடைசித் தண்ணீர் எங்களுடையது" என்று அந்த மூதாட்டி மனைவியின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்கள். இலந்தை இலை நீரால் தாயைக் கழுவி, நெற்றியில் முத்தமிட்டு அவர் வெளியே வந்த பின்னரே கற்பூரச் சிமிழ் திறக்கப்பட்டது. எந்த சுன்னத்தும் விடுபடவில்லை. ஒரு மகளும் விடுபடவில்லை.

உங்களிடம் சில வேண்டுகோள்கள்

மழைநீர் புகுந்த வீட்டில் ஈரத்தின் காரணத்தைச் சரிசெய்யாமல், சுவர் உலராமல் வண்ணம் பூசாதீர்கள். நனைந்த மெத்தையையும் தாளையும் அன்பினால் காத்து வைக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரை அமிலக் கழிப்பறைத் திரவத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள்; எழும் வாயு நுரையீரலைச் சிதைக்கும். நோயாளியைக் காணச் செல்லும்போது, "வாடை எதுவும் ஆகாதா?" என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே கேளுங்கள். அத்தர் பூசாமல் செல்வது அன்று உங்கள் ஸதக்காவாக அமையட்டும். எங்களைப் போன்று இந்நோயோடு வாழ்வோர், தேவையைக் கனிவோடு எடுத்துச் சொல்லப் பழகுவோம். சொல்லாத துன்பத்துக்குப் பிறரைக் குற்றம் சொல்வது நீதியன்று.

மனைவி முற்றிலும் குணமடைந்துவிடவில்லை. மூச்சிரைப்பு குறைந்துள்ளது, பினாயிலும் சாம்பிராணியும் இன்னும் ஆகவில்லை. எங்கள் அத்தர்ப் புட்டி அலமாரியின் மேல்தட்டில் மூடியபடியே இருக்கிறது. இரவில் அவர் இருமாமல் உறங்கும் நேரங்களில், அதற்காகவே எழுந்து இரண்டு ரக்அத் தொழுகிறோம்.

எந்த நோய்க்கும் நிவாரணி படைத்த அல்லாஹ், நோயுற்றோர் அனைவருக்கும் முழுமையான ஷிஃபாவை அருள்வானாக! பிறர் மூச்சைப் பேணும் பக்குவத்தை நமக்குத் தருவானாக! ஆமீன். உங்கள் துஆக்களில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.