எட்டுச் சுரங்களும் ஒரு சலிப்பும்

ஒரு காலத்தில் என்னை எழுத வைத்த இசை, சில மாதங்களாக என்னை எழுந்து போக வைத்தது. இதை ஒப்புக்கொள்ளச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

நெய்யாறு கடலில் சேரும் பூவாரில், வீட்டிலிருந்தபடி ஆய்வேட்டை எழுதத் தொடங்கிய நாட்களில் ஃபிலிப் கிளாஸின் 'சத்தியாகிரகா' அறிமுகமாயிற்று. 1980இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் முதன்முதலாக அரங்கேறிய இசைநாடகம் அது. காந்தியின் தென்னாப்பிரிக்க ஆண்டுகளே கதை; பாடப்படும் சொற்களோ பகவத் கீதையின் சமஸ்கிருதம். 1960களின் நடுவில் பாரிசில் ரவிசங்கரின் இசையை மேற்கத்தியக் கலைஞர்களுக்காகக் குறியீட்டில் எழுதித் தந்தவர் கிளாஸ். சிறு அலகுகளைக் கூட்டிக் கூட்டித் தாளத்தை வளர்க்கும் அவருடைய முறைக்கு அந்த அனுபவமே வித்திட்டது.

நாடகத்தின் இறுதியில் காந்தி தனித்துப் பாடுகிறார். கீழிருந்து மேலாக எட்டுச் சுரங்கள். மீண்டும் மீண்டும் அதே ஏறுவரிசை. அடியில் வாத்தியங்கள் மெல்ல நகர்கின்றன. கேட்கக் கேட்க மனத்தின் இரைச்சல் அடங்கியது. ஆகவே அந்தச் சில நிமிடங்களை மட்டும் ஓயாமல் ஒலிக்கவிட்டு மாதக்கணக்கில் எழுதினேன்.

ஒருநாள் மாலை, மீன் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "அவன் இன்னும் அந்தப் படி ஏறி முடிக்கல்லியா, மக்களே?"

சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து என் காதில் இசை விழவில்லை. படி மட்டுமே விழுந்தது. என் திரையில் இருந்ததும் மூன்று வாரமாகத் திருத்திக்கொண்டிருந்த ஒரே பத்தி, முடிவுரையின் முதல் பத்தி.

அந்த எட்டுச் சுரங்களும் நம் அனுமத்தோடியின் சுரங்களே. ஆகவே ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத் தோடியைத் தேடிக் கேட்டேன். அங்கும் சுரங்கள் திரும்பத் திரும்பத்தான் வருகின்றன. ஆனால் ஒருமுறை அசைந்தபடி காந்தாரம் மறுமுறை அசைவதில்லை. நம்முடையதே உயர்ந்தது என்று தீர்ப்பெழுதிவிட்டுச் சில நாட்கள் நிம்மதியாகவும் இருந்தேன்.

கடந்த வாரம்தான் அந்த நாடகத்தை முதன்முறையாக முழுமையாகக் கேட்டேன். டர்பனில் காந்தியை வெறிகொண்டு சூழும் கூட்டம், 1908இல் எரிக்கப்பட்ட பதிவுச் சான்றிதழ்கள், 1913இன் நெடும்பயணம். இவை அனைத்தையும் கடந்த பிறகே அந்த ஏறுவரிசை வருகிறது. அந்த இடத்தில் அது தாலாட்டாகக் கேட்கவில்லை. களைத்த ஒருவர் மறுபடியும் அடி எடுத்து வைப்பதாகவே கேட்டது. வழியை முழுவதும் வெட்டியெறிந்துவிட்டு முடிவை மட்டும் வைத்துக்கொண்டவன் நான். பிறகு, இது எங்கும் போகவில்லை என்று குறையும் சொன்னேன்.

சலிப்பு முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போது எழுதும்போது எதையும் ஒலிக்கவிடுவதில்லை. முடிவுரைப் பத்தியை அழித்துவிட்டு, அதற்கு முன்னால் வரவேண்டிய, இத்தனை நாளும் தள்ளிப்போட்டுவந்த மூன்றாம் இயலைத் தொடங்கியிருக்கிறேன்.